பாட்டும் பிழைப்பும்: கொழும்பின் இளம் இசைக்கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடியும் வாசித்தும் மெட்டமைத்தும் வரும் இளையோருக்கு,

கொழும்பில் தமிழில் இசை செய்தவர்களின் குடும்பம் ஒரே வருமானத்தில் ஓடியதில்லை. வானொலிச் சன்மானம், திரைப்பட ஒலிப்பதிவு, கோவில் கச்சேரி, கல்யாண வீட்டு மேடை, அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியம், பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு என்பவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்துதான் அடுப்பை எரிய வைத்தன. இவற்றில் அநேகமானவை பிறர் ஆக்கியதைப் பிழையில்லாமல் பாடுவதற்கோ வாசிப்பதற்கோ கிடைத்த கூலி. சொந்தப் பாட்டுக்குக் கிடைத்த காசு எப்போதும் சொற்பம். ஆனால், ஒருவருடைய பெயர் அவர் காலத்துக்குப் பிறகும் நின்றிருக்கிறதென்றால், அவரிடமிருந்து முதன்முதலாகப் புறப்பட்ட பாட்டு ஒன்றாவது பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசெம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பி 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1967இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாயிற்று. எஸ்.பி. மயில்வாகனம் முதல் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீட் வரை அறிவிப்பாளர்களின் குரல்கள் பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. அந்தப் புகழைக் கொண்டுசென்றவை பெரும்பாலும் சென்னைப் படப்பாடல்களின் இசைத்தட்டுகள். உள்ளூர்ப் பாடகரும் வாத்தியக்காரரும் அதே நிலையத்தில், அதே கலையகங்களில் உழைத்தார்கள். அவர்கள் பங்குக்கு வந்த நேரம் குறைவு. கொழும்பின் தமிழ் இசைக்கலைஞர் தன் ஊர் வானொலியிலேயே சென்னையோடு போட்டியிட வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசியில் நடக்கும் போட்டியும் அதுதான். அது புதிதாக வந்த கஷ்டமல்ல.

வானொலிக்குள் நுழைவதற்குக் குரல் தேர்வு இருந்தது. 1952இல் லக்னோவின் பாத்கண்டே இசைப் பள்ளியிலிருந்து எஸ்.என். ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டு, இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரித்தார். வட இந்திய ராக முறையே அளவுகோல். சிங்கள இசைக்குத் தனிப் பாதை தேடிக்கொண்டிருந்த சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். வானொலியின் வாசல் அவருக்கு நீண்ட காலம் அடைபட்டது, வருமானமும் போயிற்று. அவருடைய பாடல்கள் இன்றும் சிங்களப் பள்ளிக்கூடங்களில் ஒலிக்கின்றன. மறுப்பு அவருக்குப் பெருமையை மட்டும் தரவில்லை, வறுமையையும் தந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவருடைய இசையை அளக்க வருபவர் எந்தக் கோலைக் கையில் வைத்திருக்கிறார் என்ற கேள்வி, இன்றைய தொலைக்காட்சிப் போட்டிகளின் நடுவர் மேசைக்கும் பொருந்தும்.

இந்த நகரத்தின் இசைத்தொழில் ஒரு மொழிக்குள் அடங்கியதாக என்றுமே இருக்கவில்லை. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947 ஜனவரியில் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம் உருவானது தென்னிந்தியாவில். அதே ஆண்டு வந்த ‘அசோகமாலா’வுக்கு இசை முகமது கௌஸ். அந்தப் படத்தில் அறிமுகமானவர்களில் இருவர், பின்னாளில் அமரதேவ என்று நாடறிந்த இளைஞரும், சேலத்தில் 1919இல் பிறந்து சிறுவயதில் கொழும்புக்கு வந்த மொகிதீன் பெக்கும். பெக் ஓர் இஸ்லாமியர். வெசாக் காலத்தில் பந்தல்கள் தோறும் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்கள் பல அவர் குரலில் வந்தவை. 1991இல் அவர் இறந்தார். ஒவ்வொரு வெசாக்குக்கும் அந்தக் குரல் திரும்ப வருகிறது.

நாகர்கோவிலில் 1926இல் பிறந்த ஆர். முத்துசாமியின் கதை இதைவிடச் செறிவானது. வயலின் கற்றுக் கொழும்புக்கு வந்தவர், வானொலியில் பணியாற்றினார். சிங்களப் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்தார். கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்து 1972இல் வெளிவந்த ‘குத்துவிளக்கு’ என்ற ஈழத் தமிழ்ப் படத்துக்கும் அவரே இசை. பாடல்களை எழுதியவர் ஈழத்து இரத்தினம். சிங்களப் படத்தால் வந்த சம்பாத்தியமும் தேர்ச்சியும் இல்லாவிட்டால், ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ என வந்த உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குக் கைதேர்ந்த ஓர் இசையமைப்பாளர் இந்த ஊரில் இருந்திருக்கவே முடியாது. முத்துசாமி 1988இல் காலமானார். மகன் மோகன்ராஜ் அதே தொழிலில் நின்றார். கொழும்பின் ஒலிப்பதிவுக் கூடங்களில் இப்போதும் தமிழ், சிங்கள வாத்தியக்காரர்கள் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் வாசிக்கிறார்கள். சிங்களம் சரளமாகப் பேசும் தமிழ்க் கீபோர்ட் கலைஞருக்கு வேலை கூடுதலாகக் கிடைக்கிறது. இது சந்தர்ப்பவாதம் அல்ல. எழுபது ஆண்டுகளுக்கு மேலான தொழில் வழக்கம்.

கொட்டாஞ்சேனைக்கும் இதில் தனி இடம் உண்டு. ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெருப் பக்கம் முருகன் கோவில்களும் ஆடிவேலும், கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோவிலும் அந்தோனியார் தேவாலயமும், மேட்டில் புனித லூசியாள் பேராலயமும், 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கின்றன. நாதஸ்வரம், தவில், தேவாலயப் பாடகர் குழு, பைலா, பண்ணிசை எல்லாமே ஒரே பிள்ளையின் காதில் விழக்கூடிய இடம் அது. சிங்கள இசையின் பெரும் பாடகி நந்தா மாலினி வளர்ந்ததும் படித்ததும் இங்கேதான். வெள்ளவத்தை வேறு மாதிரி. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், சற்றே வடக்கே பம்பலப்பிட்டியில் கதிரேசன் மண்டபமும் சரஸ்வதி மண்டபமும் என்று சபைக் கச்சேரிக்கும் அரங்கேற்றத்துக்கும் உரிய ஊராக அது இருக்கிறது. முதல் ஊர் காதைத் திறக்கிறது, இரண்டாவது ஊர் ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டையும் பெற்றவர்கள் பாக்கியசாலிகள்.

சொந்தப் பாட்டின் கதை 1960களின் பிற்பகுதியில் சூடுபிடிக்கிறது. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் கிற்றாரோடு புதிய பாட்டுகளைக் கொண்டுவந்திருந்த நேரம். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்தபோது, பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை வைத்துப் பாட ஆரம்பித்தார். ‘சின்ன மாமியே’ அப்படி வந்த பாட்டு. அதில் பெரிய சங்கீத நுணுக்கம் எதுவும் இல்லை. ஆனால், ஒரு வீட்டு முற்றத்தில் நடக்கும் பேச்சு அப்படியே பாட்டாக முடியும் என்பதை அது காட்டியது. சென்னைப் படப்பாட்டின் தமிழைத் தவிர வேறு தமிழில் பாடினால் எடுபடாது என்ற அச்சம் அதோடு கலைந்தது. ஏ.ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை முதலியோர் பொப்பிசையைப் பெருமேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு பக்கம், எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் இலங்கை வானொலியில் ஈழத்துக் கவிஞர்களின் வரிகளுக்கு மெல்லிசை வடிவம் கொடுத்தார்கள்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளைத் தடுத்தன; உள்ளூர் ஆக்கங்களுக்கு ஒரு மதிப்பும் இடமும் உருவாயின. அந்தத் தசாப்தத்தில்தான் ஈழத் தமிழில் பாட்டும் படமும் நாவலும் நெருங்கிக் கைகோர்த்தன. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் படமானது ஓர் உதாரணம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு கசெற் வந்தது, பிறகு தொலைக்காட்சி வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காவல் இல்லாமலும் நிற்கத்தக்க ஒரு தொழில் அமைப்பை, அதாவது வெளியீட்டாளரையும் விநியோகத்தையும் உரிமைக் கணக்கையும், அந்தப் பத்தாண்டுகளில் யாரும் கட்டி வைத்திருக்கவில்லை. தமிழ்ப் பொப்பிசை தளர்ந்ததற்கு ரசனை மாறியது மட்டும் காரணமல்ல. இந்த வெற்றிடமும், 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்மீது விழுந்த வன்முறையும், அதன் பின்னான புலப்பெயர்வும் சேர்ந்தே அதை முறித்தன. வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளில் எத்தனை வயலின்களும் ஒலிநாடாக்களும் சுரக் கொப்பிகளும் இருந்திருக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மனோகரனின் வாழ்க்கை இன்னொரு விதத்திலும் முக்கியமானது. அவர் பாடிப் பரவிய ‘சுராங்கனி’ கடல் கடந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அது தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. இந்தியாவின் வேறு மொழிகளுக்கும் போயிற்று. மனோகரனும் சென்னைக்குப் போனார். அங்கே ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் வில்லன் வேடங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். பாட்டால் பெயர் வந்தது, நடிப்பால் பிழைப்பு நடந்தது. நித்தி கனகரத்தினமோ கல்வித்துறையைத் தொழிலாக வைத்துக்கொண்டார். அவுஸ்திரேலியாவில் குடியேறிய பிறகும் பாடுவதை விடவில்லை. இவ்விருவரில் யார் வென்றார் என்று கேட்பதில் பொருளில்லை. இருவரும் தத்தம் பாட்டைத் தக்கவைக்க வெவ்வேறு இடத்தில் காலூன்றினார்கள்.

இரண்டாவது தொழில் வைத்திருப்பதை இசையில் தோற்றதன் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் இளையோரிடம் உண்டு. சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. பைலாவை மேடைக் கலையாக்கிய வாலி பஸ்தியன் பொலிஸ் உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்தோடு குடும்பத்துடன் இந்தியாவுக்குப் போன வயலின் மேதை எல். சுப்பிரமணியம் சென்னையில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். அதற்குப் பிறகே கலிபோர்னியாவில் மேற்கத்திய இசையில் முதுகலை செய்து முழுநேரக் கலைஞரானார். வங்கியிலோ தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திலோ பகலில் வேலை செய்து இரவில் மெட்டுப் போடுபவர் மரபுக்கு வெளியே நிற்கவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பயிற்சிக்கான நேரம் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்படாத நேரமாக இருக்க வேண்டும். பகல் வேலை குரலைத் தின்பதில்லை. சாதகம் தவறிய வாரங்கள் தின்கின்றன.

கற்பித்தல்தான் இந்நகரத்தின் கர்நாடக இசைக்கலைஞர்களுக்கு இன்று நிலையான வருவாய். பாடசாலையில் கர்நாடக சங்கீதம் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் உரிய பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவிலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டம் பெற்றவர்கள் ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருப்பார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாகக் கடந்து ஆசிரியர் தரம் முடித்தவருக்கு ‘கலாவித்தகர்’ பட்டம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கேட்கும் சரளி வரிசையின் பின்னால் இந்தப் பரீட்சைகள் இருக்கின்றன. பரீட்சைக்காக மட்டும் பாடும் பிள்ளை ஆசிரியர் தரத்தோடு பாட்டையும் முடித்துவிடுகிறது. இது வேதனையான உண்மை. பிள்ளை ஒரு வருடத்தில் ஐந்து கச்சேரியாவது நேரில் கேட்க வைப்பது ஆசிரியரின் வேலையில் பாதி.

அரங்கேற்றங்கள் இன்னொரு பெரிய ஆதாரம். நட்டுவாங்கத்துக்குப் பக்கத்தில் இருந்து பாடுவது தனிக் கலை: ஆடுபவரின் மூச்சைப் பார்த்து அநுபல்லவியை நீட்டவும் சுருக்கவும் தெரிய வேண்டும். இதில் தேர்ந்த பாடகர்களும் மிருதங்கக் கலைஞர்களும் லண்டன், ரொறொன்ரோ, சிட்னி வரை அழைக்கப்படுகிறார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மேடை ஏறும் பருவத்தில் அங்கே கிடைக்கும் சன்மானம் இங்கே பல மாத வாடகைக்குப் போதும். ஒரே சிரமம், அந்த மேடையில் தன் கற்பனைக்கு இடம் சிறிது.

இசைக்குழுக்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கல்யாண வரவேற்பு, பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், ஹொட்டேல் இரவு விருந்து எல்லாவற்றிலும் கேட்கப்படுவது தெரிந்த பாட்டு. எண்பதுகளின் இளையராஜா பாடல்களைப் பாதி நித்திரையிலும் சுரம் தவறாமல் வாசிக்கத் தெரிந்த கலைஞர்கள் கொழும்பில் நிறையப் பேர். அந்தத் தேர்ச்சி மதிப்புக்குரியது. வாத்திய ஒழுங்கமைப்பைக் கற்பதற்கு அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. ஆனால், அந்தப் பாடல்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். 2017இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே இளையராஜா தரப்பு அறிவித்தல் அனுப்பியது. இந்தியாவில் 2012இன் பதிப்புரிமைத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைப் பங்கைத் தயாரிப்பாளரிடம் முழுக்க இழந்துவிடாதபடி காப்புச் செய்தது. மற்றவர் பாட்டில் வாழும் குழு அந்தக் கணக்குக்கும் ஒருநாள் பதில் சொல்ல வேண்டிவரும்.

1998இல் சூரியன், சக்தி வானொலிகள் பண்பலையில் வந்தபோது கொழும்பில் ஒரு புதிய தமிழ்த் தலைமுறைக்கு மேடை கிடைத்தது. அதிலிருந்து ராப் வளர்ந்தது. கிரிஷான் மகேசனின் ‘ஏசியன் அவெனியூ’ இசைத்தொகுப்பு 2006இல் வெளிவந்தது. தினேஷ் கனகரத்தினம், அதாவது ஏ.டி.கே., ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் ‘கடல்’ படத்தில் 2013இல் பாடினார். கொழும்புத் தமிழின் உச்சரிப்போடு ராப் பாடினால் சென்னை சிரிக்கும் என்ற கவலைக்கு இவர்கள் முடிவு கட்டினார்கள். பத்தாண்டுக்குப் பிறகு, 2023இல், யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா சென்னைத் தொலைக்காட்சிப் போட்டியில் முதலிடம் பெற்றார். மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் அந்த மேடையிலும் பாடப்படுவது படப்பாட்டு. வெற்றி அங்கே ஒரு கதவைத் திறக்கிறது, பாட்டை யாரும் அங்கே தருவதில்லை.

‘மெனிக்கே மகே ஹித்தே’ பலருக்கு 2021இல் யொஹானியின் பாட்டாகத் தெரியும். அதை முதலில் 2020இல் வெளியிட்டவர் சதீஷன் ரத்நாயக்க. உலகம் கேட்ட வடிவத்தை உருவாக்கியதில் சமத் சங்கீத்துக்குப் பெரும் பங்கு. 2022இல் அது இந்திப் படமொன்றிலும் வந்தது. ஒரு பாட்டு இந்த வேகத்தில் ஓடும்போது, மெட்டு யாருடையது, வரி யாருடையது, ஒலிப்பதிவு யாருடையது என்பவை முன்பே எழுத்தில் இல்லாவிட்டால் பின்னால் ஓடிப் பிடிப்பது கடினம்.

இலங்கையில் இந்த உரிமைகளுக்கு அடிப்படை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பாட்டு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது செல்லும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியான நிகழ்த்துநர் உரிமை உண்டு. அதன் காலம் 50 ஆண்டுகள். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் கடமையின் பகுதியாக ஆக்கப்பட்ட பாட்டின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரிடம் போகும். விளம்பர நிறுவனங்களிலும் ஒலிபரப்பு நிலையங்களிலும் சம்பளத்துக்கு இருந்து விளம்பரச் சிற்றிசை செய்யும் இளையோர் பலருக்கு இந்த ஒரு விதி தெரியாததால் நல்ல மெட்டுகள் கைவிட்டுப் போயின. ஒரு பக்கத் தாளில், யார் என்ன செய்தார், எத்தனை வீதம், எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிக் கையெழுத்திடுவது நட்பைக் கெடுக்காது. எழுதாமல் விட்டதால்தான் இந்நகரில் பல குழுக்கள் உடைந்தன.

ஒலிப்பதிவுக் கூடத்தின் செலவு ஒரு காலத்தில் பெருந்தடையாக இருந்தது. இன்று ஒரு மடிக்கணினி, ஓர் இடைமுகக் கருவி, ஒரு நல்ல ஒலிவாங்கி இருந்தால் வீட்டறையிலேயே வேலை நடக்கிறது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது அவற்றின் விலையும் எட்டாமற் போயிற்று. மணிக்கணக்கான மின்வெட்டு வேறு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் 2020 பெருந்தொற்றிலும் மண்டபங்கள் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று அடிகள். மேடையை மட்டும் நம்பியிருந்தவர்கள் வாத்தியத்தை விற்றார்கள். அந்த மாதங்களில் தாக்குப்பிடித்தவர்களிடம் இணையவழி வகுப்போ, பகல் வேலையோ, வெளிநாட்டுப் பதிவுக்கு இங்கிருந்து வாசித்து அனுப்பும் பழக்கமோ இருந்தது.

கடைசியாக, பதிவு. இந்நகரத்துத் தமிழ் இசைக்கலைஞர்கள் தம் வேலையைப் பற்றி எழுதி வைத்தது மிகச் சொற்பம். தம்பிஐயா தேவதாஸ் இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையைத் தொகுத்திராவிட்டால், அந்தப் படங்களின் இசையமைப்பாளர்களும் பாடகர்களும் இன்று வெறும் செவிவழிச் செய்தி. அப்துல் ஹமீட்டின் ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ ஒலிபரப்பாளரின் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தைக் காட்டுகிறது. வாத்தியக்காரரின் பக்கத்திலிருந்து அப்படியொரு நூல் தேவை. மூத்தவர்கள் பலர் இன்னும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெகிவளையிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச ஆயத்தம், கேட்க ஆள் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் அதன் ‘ஆவணகம்’ பல்லூடகக் காப்பகமும் வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவுகளையும் ஏற்றுப் பாதுகாக்கின்றன. ஒரு கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவே இதற்குப் போதும்: பேசுபவர் பெயர், ஊர், நாள், எந்தப் பாட்டு, எந்தக் கலையகம், யார் யார் வாசித்தார்கள், என்ன சன்மானம் கிடைத்தது. யூரியூப்பில் புதுப் பாட்டு ஏற்றும்போதும் இதே விவரங்கள் கீழே வர வேண்டும். பாடகர் பெயருக்கு அடுத்து வரியாசிரியர், மெட்டமைத்தவர், வாத்தியக்காரர் ஒவ்வொருவர், ஒலிப்பொறியாளர், பதிவு நடந்த இடம், ஆண்டு.

அன்புடன்,
ஒரு வானொலி நேயர்
கொழும்பு 06